எட்டுப் பூக்களில் முதற்பூ

சாமிக்குச் சாத்தப்போகும் பூ சுத்தமானதா என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் அந்தப் பூவைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். வாடியிருக்கிறதா, புழு அரித்திருக்கிறதா, கீழே விழுந்து மண் ஒட்டியிருக்கிறதா, யாராவது முகர்ந்துவிட்டார்களா என்பவையே நம் சோதனைகள். அது விளைந்த கொல்லையில் என்ன நடந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவத்துக்குக் குவியும் பூவானாலும், பங்குனி உத்திரத்தன்று மயிலம் முருகனுக்கு வரும் மாலையானாலும், திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ வெள்ளிக்கிழமை காலையில் வாசற்படத்துக்கு வாங்கும் ஒரு முழம் சரமானாலும் இதே கதைதான். பூவின் முகம் பளிச்சென்று இருந்தால் போதும். அந்தப் பளபளப்புக்காக வாரா வாரம் மருந்து அடித்த வயலில் தேனீக்கள் செத்துக் கிடந்தால், அந்தப் பூ பூசைக்கு ஆகுமா? ஆகாது என்பதே என் முடிவு. வேளாண்மை அறிவியலைக் கொண்டுவந்து சமயத்தின் மேல் நான் ஏற்றவில்லை. இந்த மண்ணில் வேரூன்றிய சமயங்கள் பூசையைப் பற்றிச் சொல்லிவைத்ததை அப்படியே எடுத்துக்கொண்டால் வேறு முடிவுக்கு வர வழியில்லை.

சைவ மரபு பூவைப் புறப்பூ, அகப்பூ என்று இரண்டாகப் பிரிக்கும். புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டை, பாதிரி, நீலோற்பலம், அலரி, செந்தாமரை ஆகிய எட்டும் புறப்பூ. அகப்பூவும் எட்டு: கொல்லாமை, ஐம்பொறி அடக்கம், பொறுமை, இரக்கம், அறிவு, தவம், வாய்மை, அன்பு. கொல்லாமைக்குத்தான் முதலிடம். அன்பும் அறிவும்கூட அதற்குப் பிறகுதான் வருகின்றன. அகப்பூவைச் சொன்னவர்கள் புறப்பூ வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டும் ஒரே வழிபாட்டின் இரு கைகள். கையில் இருக்கும் பூ, மனத்தில் இருக்க வேண்டிய முதற்பூவைக் கொன்றுவிட்டு வந்திருந்தால் அர்ச்சனை அங்கேயே முறிந்துபோகிறது. இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் அடியார்களில் பலருக்குப் பூ வளர்ப்பதே வழிபாடாக இருந்தது. திருப்புகலூரில் முருக நாயனார் விடியுமுன் எழுந்து கோட்டுப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ என்று வகை பிரித்துப் பறித்து மாலை தொடுத்தார். பெரியாழ்வாருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தொண்டரடிப்பொடியாழ்வாருக்குத் திருவரங்கத்திலும் நந்தவனம்தான் கோயில்தொண்டு. இராமானுசர் சொல்லுக்காகத் திருமலைக்குப் போய் நந்தவனம் அமைத்தவர் அனந்தாழ்வான். சோழர் காலக் கல்வெட்டுகளில் திருநந்தவனத்துக்கும் அதைப் பராமரிப்பவர்களுக்கும் நிலம் விட்ட செய்திகள் ஏராளம். ஆக, பாத்தி கட்டுவதும் தண்ணீர் பாய்ச்சுவதும் பூசைக்குள் அடங்கியவை. இன்று தோட்டத்துக்கும் சந்நிதிக்கும் நடுவே பூமண்டி வந்துவிட்டது. தோட்டம் கண்ணில் படாமல் போனதாலேயே அது பூசைக்கு வெளியே போய்விடாது.

விழுப்புரம் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு கனமும் உண்டு. தமிழ்ச் சமணத்தின் உயிர்நிலம் இது. தொண்டூர்க் குன்றில் பழைய தமிழ்பிராமி எழுத்தோடு சமணர் படுக்கைகள் இருக்கின்றன. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றின் பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நினைவைச் சொல்லும் பழங்கல்வெட்டும் அங்கேதான். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கும் மேல்சித்தாமூர் மடம் இன்றும் தமிழ்ச் சமணரின் தலைமைப் பீடம். இவர்கள் தேனை விலக்கியவர்கள். சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரம் இல்லறத்தாருக்கு வகுத்த எட்டு அடிப்படை ஒழுக்கங்களில் கள், ஊன், தேன் மூன்றையும் விடுவது அடங்கும்; அந்த வழியில் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. தேனை ஊனுக்குப் பக்கத்தில் வைத்ததற்குக் காரணம் தெளிவானது. கூட்டைப் பிழியும்போது முட்டையும் புழுவும் தேனீயும் சேர்ந்து நசுங்குகின்றன. தின்னும் பொருளில் உயிர் இல்லாவிட்டாலும் அது கைக்கு வந்த வழியில் உயிர் போயிருந்தால் பொருள் தூய்மையற்றது என்பதே இந்த விலக்கின் தர்க்கம். இதைத் தேனோடு நிறுத்திக்கொள்ள நியாயம் ஏதும் இல்லை. ஒரு கூட்டைப் பிழிந்தால் ஒரு குடும்பம் அழிகிறது. பூக்கும் பருவத்தில் ஒரு வயலில் தவறான நேரத்தில் தெளித்தால் சுற்றுவட்டாரத்தின் கூடுகள் எல்லாம் அடிவாங்கும். தேன் கூடாது என்று சொல்லும் அறம், அந்தப் பூவையும் கூடாது என்று சொல்லியே ஆகவேண்டும்.

தேனீ எப்படிச் சாகிறது என்பதை அறிந்தால்தான் பொறுப்பு யாருடையது என்பது புரியும். சில மருந்துகள் மேலே பட்டால் கொல்லும். காலையில் தெளித்தால் மாலைக்குள் செடியடியில் உடல்களைப் பார்க்கலாம். இமிடாகுளோபிரிட், தயாமெதாக்சம், குளோத்தியானிடின் போன்றவை ஊடுருவிப் பாய்பவை. செடி அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். சாற்றோடு ஏறி அவை மகரந்தத்துக்கும் பூவின் தேன்துளிக்கும் போய்ச் சேரும். அங்கே இருக்கும் அளவு தேனீயை உடனே கொல்லாமல் போகலாம், ஆனால் நரம்பைக் குழப்பும். 2012-இல் பிரான்சில் தேனீக்களின் முதுகில் நுண்ணிய மின்னணு வில்லைகளை ஒட்டி, தயாமெதாக்சம் சிறிதளவு கொடுத்துப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். கூட்டுக்குத் திரும்பாமல் போனவை அதிகம். வழி மறந்த தேனீ எங்கோ தனியே சாகிறது. வயலில் அதன் உடல் கிடைக்காது. இந்த மூன்று மருந்துகளையும் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்ததற்கு இத்தகைய ஆய்வுகள் சேர்ந்து தந்த சான்றே அடிப்படை. நம் ஊர் மருந்துக்கடையில் டப்பாவின் முக்கோணத்தைப் பார்த்து, சிவப்பு ஆகாது, பச்சை பரவாயில்லை என்று எண்ணி வாங்குபவர்கள் உண்டு. அந்த நிறம் மனித உடலுக்கு அது எவ்வளவு நஞ்சு என்பதை ஒட்டியது; தேனீயைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ‘இயற்கை மருந்து’ என்ற பெயரும் காப்பு ஆகாது. பைரித்ரம் சாமந்தி இனப் பூவிலிருந்தே எடுக்கப்படுவது. அதுவும் தேனீயைக் கொல்லும்.

முதல் மறுப்பு வயலிலிருந்தே எழும். மல்லியை மொட்டாக, விடியுமுன் பறித்துவிடுகிறோம். விரிந்தால்தானே தேனீ வரும்? அரளியில் தேனே இல்லை. கனகாம்பரத்தைத் தேனீ அவ்வளவாகத் தேடி வருவதில்லை. மாலைப் பூவுக்கும் தேனீக்கும் என்ன சம்பந்தம்? இதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் செடிவரிசைகளுக்கு நடுவே குனிந்து பார்க்க வேண்டும். அங்கே தும்பை முளைத்திருக்கும், மூக்குத்திப்பூ படர்ந்திருக்கும். தும்பையின் வெள்ளைப்பூவுக்குக் கீழுதடு நீளம். கொம்புத்தேனீ அதில் வந்து இறங்கித் தலையை உள்ளே நுழைத்தால், மேலுதட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் மகரந்தப்பை அதன் தலையிலும் முதுகிலும் உரசும். அந்தத் தூளோடு அது அடுத்த பூவுக்குத் தாவும். மல்லிக்கு அடிக்கும் மருந்து இந்தத் தும்பை மேலும்தான் படிகிறது. காற்றடித்தால் அடுத்த வயலின் எள்ளுப்பூவுக்கும் போகிறது. மருந்து கலக்கிய இடத்தில் தேங்கிய தண்ணீரையும் தேனீ குடிக்கும். மாலைக்கென்றே வளர்க்கும் துளசியும் கோழிக்கொண்டையும் மொட்டிலேயே பறிக்கப்படுபவை அல்ல. துளசியின் கதிர் பூத்திருக்கும்போது தேனீ மொய்க்காத தோட்டம் கிடையாது. பெருமாளுக்கு உகந்தது துளசி, சிவனுக்கு உகந்தது தும்பை. நம் சமயங்கள் உயர்த்திப் பிடித்த செடிகள் தேனீக்கும் உகந்தவையாக இருப்பது, இரண்டையும் ஒன்றாகக் காக்க முடியும் என்பதற்குப் போதிய சான்று.

இரண்டாவது மறுப்பு ஆசாரத்திலிருந்து வருகிறது. வண்டு வாய்வைத்த பூ எச்சில். ஆகவே பூச்சி அண்டாத பூவே பூசைக்கு உயர்ந்தது என்பார்கள். இந்த எண்ணம் நம் பக்திப் பேச்சில் ஊறிப்போனது. அதை எடுத்தெறிந்து பேச எனக்கு மனமில்லை. கடவுளுக்கு முதல் மணத்தையே தரவேண்டும் என்ற பிரியம் அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரியத்தைக் காட்ட விடியுமுன் எழுந்து பறித்தார்களே ஒழிய, பூச்சியைக் கொல்லப் புறப்படவில்லை. அதோடு, அதே ஆசாரம்தான் தேனீயின் வயிற்றிலிருந்து வாய்வழி வந்த தேனை அபிஷேகத்துக்கு எடுத்துக்கொள்கிறது. தேன், கன்று வாய்வைத்த பின் கறக்கும் பால், பட்டுப்புழுவைக் கொன்று எடுத்த பட்டு ஆகியவை பிறப்பால் எச்சிலோ தீட்டோ ஆனாலும் பூசைக்கு ஆகும் என்று சொல்லும் பழைய தருமநூல் வழக்கு ஒன்றும் உண்டு. பட்டைப் பற்றி எனக்கு வருத்தமே. ஆனால் எச்சில் என்ற வாதத்துக்கு அந்த வழக்கிலேயே பதில் இருக்கிறது. திருவாரூர்ப் பக்கம் நன்னிலத்தில் ஈசனுக்கு மதுவனேசுவரர் என்று பெயர். தேவர்கள் தேனீக்களாக உருமாறி அங்கே வழிபட்டதாகத் தலபுராணம். திருக்கண்ணமங்கையில் தாயார் சந்நிதியை ஒட்டிய தேன்கூட்டை, முனிவர்களே தேனீக்களாக வந்து தங்கியிருப்பதாகக் கருதி அடியார்கள் வணங்குகிறார்கள். தேனீ இருப்பதே இடத்துக்குச் சிறப்பு என்று கருதிய மரபில் வந்த நாம், தேனீ தொட்ட பூவைக் குறைந்தது என்று எப்படிச் சொல்வது?

இன்னும் வலுவான மறுப்பு, எண்ணத்தைப் பற்றியது. மருந்து அடிப்பவர் மொட்டுப்புழுவைக் கொல்லவே அடிக்கிறார். தேனீ சாவது அவர் நினைக்காதது. வாங்கும் பக்தருக்கோ எதுவும் தெரியாது. நினைக்காத கொலைக்குப் பாவம் உண்டா? சமணம் இதை மிக நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறது. வேண்டுமென்றே செய்யும் கொலை, சமைப்பதிலும் பெருக்குவதிலும் நேரும் கொலை, பிழைப்புத் தொழிலில் நேரும் கொலை, தற்காப்பில் நேரும் கொலை என நான்காகப் பிரித்து, இல்லறத்தாருக்கு முதலாவதை மட்டும் முற்றாக விலக்குகிறது. அப்படியானால் உழவருக்கு விலக்கு கிடைத்துவிட்டதா? இல்லை. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் கொலையை வரையறுக்கும்போது கவனமின்மையையே அதன் வேராக வைக்கிறது. எறும்பு இருக்கிறதா என்று பார்த்து அடி எடுத்து வைத்த பிறகும் ஒன்று காலில் பட்டால் அது வேறு; பார்க்காமலேயே நடப்பது வேறு. தேனீ காலையில் வெயில் ஏறியதும் புறப்பட்டு, பொழுது சாயும்போது கூடு திரும்பும். அது அடங்கிய பிறகு தெளிப்பதும், பூத்த செடியை விட்டுவிடுவதும், ஊடுருவும் மருந்தைப் பூப்பருவத்தில் தொடாதிருப்பதும் மனிதரால் ஆகக்கூடியவையே. தவிர்க்க முடிந்ததைத் தவிர்க்காத இடத்தில் ‘நினைக்கவில்லை’ என்ற சொல்லுக்கு எடை கிடையாது. வாங்குபவருக்கும் இது பொருந்தும். தெரியாதவரைக்கும் தெரியாது, தெரிந்த பிறகும் அப்படியே வாங்குவதற்கும் பார்க்காமல் நடப்பதற்கும் வேறுபாடு இல்லை.

தேனீக்காக இவ்வளவு பேசுகிறாயே, மொட்டுப்புழுவும் உயிர்தானே என்று கேட்பவர்களுக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். தொல்காப்பிய மரபியலும் சமணமும் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்குகின்றன. தொல்காப்பியத்தில் தும்பி நான்கறிவு உயிர். சமணரின் கணக்கில் தேனீயும் நான்கு புலன் உடையது, புழுவுக்கு இரண்டே. இந்த அடுக்கை வைத்துப் புழுவைக் கொல்வது சரி என்று வாதிட நான் தயாரில்லை. புழுவுக்கும் உயிர்வலி உண்டென்றே நினைக்கிறேன். ஆனால் புழுவுக்கும் உழவருக்கும் இடையில் ஒரு வழக்கு இருக்கிறது: இரண்டும் ஒரே மொட்டைக் கேட்கின்றன. தேனீயோடு அப்படி எந்த வழக்கும் இல்லை. பூவுக்கு ஊறு செய்யாமல் எடுப்பதை எடுத்து, கொடுப்பதைக் கொடுத்துவிட்டுப் போகிறது. துறவி ஊரில் பிச்சை ஏற்க வேண்டிய முறைக்குத் தசவைகாலிக சூத்திரம் முதல் அத்தியாயத்திலேயே காட்டும் எடுத்துக்காட்டு, மரத்தின் பூக்களை வாடவிடாமல் தேன் உண்ணும் வண்டு. பகையே இல்லாத உயிரை, அதுவும் அறவோருக்கு முன்மாதிரியாக வைத்த உயிரை, கவனக்குறைவால் கொல்வதற்கு எந்தத் தற்காப்பும் கிடையாது. இன்னும் ஒரு படி போய், பூப்பறிப்பதே கொலை என்பவர்களும் உண்டு. வடநாட்டுத் திகம்பரரில் தேராபந்தி பிரிவினர் பச்சைப் பூவைச் சாத்துவதில்லை. குங்குமப்பூ நிறமேற்றிய அரிசியைப் பூவாக வைக்கிறார்கள். பூவுக்குள்ளும் இறைவனையே கண்டு அதைப் பறிக்க மனம் வராமல் நின்றவர் நம் தாயுமானவர். அந்த உயரத்துக்கு எல்லாரும் ஏற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பூவையே பறிக்கக் கூசியவர்கள் வாழ்ந்த மரபில், பூவுக்காகத் தேனீயைக் கொல்வது எவ்வளவு தூரம் விலகிப்போனது என்பதை மட்டும் அளந்து பார்க்கச் சொல்கிறேன்.

எனக்கு மிகவும் கனமாகத் தோன்றும் மறுப்பு பிழைப்பைப் பற்றியது. கால் காணி, அரைக் காணியில் மல்லியோ சம்பங்கியோ போட்டு அன்றாடம் மண்டிக்குக் கொண்டுபோகும் குடும்பத்துக்கு, புழு விழுந்த மொட்டு என்றால் அன்றைய விலை போயிற்று. மருந்து அடிக்காதே என்று அவர்களிடம் போய் உபதேசம் செய்வது அறமாகாது. குற்றம் முதலில், கறையில்லாத பூவையே கேட்கும் நம் கையில் இருக்கிறது. அதே நேரத்தில், தேனீ அழிந்தால் அந்தக் குடும்பத்தின் பக்கத்து வயலும் சேர்ந்து படுக்கும். திண்டிவனம், மரக்காணம் பக்கம் கோடைக்குத் தர்பூசணி போடுகிறார்கள். அதில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் பிறக்கும்போதே ஒரு குட்டிப் பிஞ்சு உருண்டையாக இருக்கும். காலையில் விரிந்த பூ பிற்பகலில் மூடிக்கொள்ளும். அந்த அரைநாளுக்குள் தேனீ பலமுறை வந்து மகரந்தம் சேர்க்காவிட்டால் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும். சூல்முடியின் மடல்களில் சமமாக விழாமல் ஒரு பக்கமே விழுந்தால் காய் கோணிப்போகும். எள், வேர்க்கடலை ரகங்களை டி.எம்.வி. என்ற எழுத்துகளோடு நாடெங்கும் அனுப்பிய எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் திண்டிவனத்தில் இருக்கிறது. வயலின் கணக்குத் தெரிந்த ஊர் இது. தேனீயின் உழைப்பு அந்தக் கணக்கில் எங்கே வருகிறது என்று இந்த விவசாயிகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வேண்டியது, கறை உள்ள பூவுக்கும் நல்ல விலை கொடுத்து வாங்கும் ஆள்.

அந்த ஆள் கோயிலாகத்தான் இருக்க முடியும். வீட்டுக்கு முழம் பூ வாங்குபவர் தனியே நின்று மண்டியை மாற்ற முடியாது. நாள்தோறும் மாலை எடுக்கும் கோயிலால் முடியும். நந்தவனத்துக்கு இடமுள்ள கோயில்கள் அதில் அழகுக்கான குரோட்டன்ஸ் செடிகளை வைப்பதை விட்டு, துளசி, தும்பை, நொச்சி, புன்னை, வில்வம், செந்தாமரை என்று பூசைக்கும் தேனீக்கும் சேர்ந்து உதவுபவற்றை வைக்கலாம். அடுக்கடுக்காக இதழ் பெருத்த பூக்களில் மகரந்தத்தாள்களே இதழாக மாறியிருப்பதால் தேனீக்கு மிஞ்சுவது குறைவு. ஒற்றை அடுக்குப் பூக்களுக்குத் தோட்டத்தில் முதலிடம் தருவது நல்லது. களையென்று தும்பையைப் பிடுங்கி எறியாமல் ஓரத்தில் ஒரு வரிசை விடலாம். மதிற்சுவரின் இடுக்கில் மெழுகுக் குழாய் போல வாசல் வைத்துக் குடியிருக்கும் கொசுத்தேனீ கொட்டாது. அந்தப் பொந்தைச் சிமெண்டு வைத்து அடைக்க வேண்டிய அவசியமே இல்லை. கோபுரத்தில் மலைத்தேனீ கட்டினால் ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் பந்தம் கொளுத்தித்தான் அதை இறக்க வேண்டும் என்றில்லை. இரவில் புகைபோட்டு நகர்த்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், திருவிழா நெருங்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே அவர்களை அழைக்க வேண்டும். வெளியில் வாங்கும் பூவுக்கு, பூத்திருக்கும் செடியில் தெளிக்கக் கூடாது, பொழுது சாய்ந்த பிறகே தெளிக்க வேண்டும், ஊடுருவும் மருந்து கூடாது என்ற மூன்று நிபந்தனைகளை வைத்து, அதற்கு ஈடாக விலையைக் கூட்டித் தரலாம். கூடுதல் செலவைப் பூக்கட்டளைக்குப் பெயர் கொடுக்கும் உபயதாரர்களே ஏற்பார்கள். இன்ன காரணத்துக்காக என்று சொன்னால் அதிகமாகவே கொடுப்பார்கள் என்றுதான் நம்புகிறேன். மயிலம் முருகன் கோயிலைப் பொம்மபுர ஆதீனம் நிர்வகிக்கிறது. மேல்சித்தாமூரில் மடமே கோயிலைப் பார்த்துக்கொள்கிறது. ஒன்று சைவ மரபு, மற்றொன்று சமணம். வருகிற மார்கழியில் ஒரு மாதம் மட்டும் இந்த நிபந்தனைகளோடு பூ எடுத்துப் பார்க்க இரண்டு மடங்களும் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.